எஸ்யூவியில் இசிஎம் கோளாறு: கண்டுபிடிப்பது, மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்ஜின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் ஏதேதோ கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது. "இசிஎம் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டீசலுக்கு மட்டும் உரியதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கனெக்டரிலுள்ள பின் (ஊசி முனை) எண்ணும் ஒயர் நிறமும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் ஒயரிங் டயகிராம் கையில் இல்லாமல் கனெக்டரில் மீட்டர் வைக்க வேண்டாம்.

இசிஎம் அப்படி என்னதான் செய்கிறது?

கிராங்க், கேம், காற்று அளவு, கூலன்ட் சூடு, த்ராட்டில், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் அனுப்பும் தகவலை வாங்கி, எந்த நொடியில் எவ்வளவு எரிபொருள், எப்போது ஸ்பார்க் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் அது. ஃபியூயல் பம்ப் ரிலே (பம்புக்குப் பவர் தரும் மின் சுவிட்ச்), ரேடியேட்டர் ஃபேன் ஆகியவையும் பெரும்பாலான வண்டிகளில் அதன் பேச்சைத்தான் கேட்கும். சில வண்டிகளில் கியர்பாக்ஸையும் இதே பெட்டி பார்த்துக்கொள்ளும். அதை பிசிஎம் என்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பெட்டியை மாற்றினால் கியர்பாக்ஸுக்கும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இசிஎம்தான் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பலாமா?

அவர் எதைச் சோதித்துப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். "எல்லாம் பார்த்தாச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்பது பதில் இல்லை. இசிஎம் கனெக்டரில் பவர் வந்ததா, எர்த்தில் எத்தனை வோல்ட் இழப்பு, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன் சரியா, ஸ்கேனர் பேசியதா என்ற நான்குக்கும் எண்ணோடு பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர்.

இசிஎம் எளிதில் சாகிற பாகம் இல்லை. அதிர்வையும் இன்ஜின் அறையின் சூட்டையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குப் பவர் கொண்டுவரும் ரிலே, துருப்பிடிக்கும் எர்த் போல்ட், எலி கடிக்கும் ஒயர், பச்சை படியும் கனெக்டர் பின் ஆகியவைதான் முதலில் கெடும். அவற்றில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி இசிஎம் செத்தது போலவே இருக்கும். அதனால் சந்தேகப் பட்டியலில் இசிஎம்முக்குக் கடைசி இடம்தான் தர வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் வண்டிகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ எஸ்யூவிகள் 2014-ல் திரும்ப அழைக்கப்பட்டன. ஸ்டார்ட் ஆகாமல் போவது, ஓடும்போதே நிற்பது இரண்டும் புகார். காரணம் இன்ஜின் கம்ப்யூட்டர் அல்ல; பவர் பெட்டிக்குள் (ஃபியூஸ், ரிலேக்கள் இருக்கும் பெட்டி) இருந்த ஃபியூயல் பம்ப் ரிலே. வெளியே தனியாக ஒரு ரிலே வைத்துச் சரிசெய்தார்கள்.

சாவி போட்டால் செக் எஞ்சின் லைட்டே எரியவில்லை. இது எதைக் காட்டுகிறது?

இது நல்ல துப்பு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, அந்த லைட் எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை, ஸ்கேனரும் இன்ஜினோடு பேசவில்லை என்றால் இசிஎம் விழிக்கவே இல்லை என்று அர்த்தம். ஏன் விழிக்கவில்லை? பெரும்பாலும் பவரோ எர்த்தோ போய்ச் சேரவில்லை. ஃபியூஸ்களைக் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள், இரண்டு முனையிலும் மீட்டர் வையுங்கள். அப்புறம் இசிஎம் மெயின் ரிலே. பக்கத்தில் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

சில வண்டிகளில் இசிஎம் பேசாமல் போனால் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் ஓடும். சாவி போட்டவுடன் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஃபேன் இரைந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பவரையும் எர்த்தையும் சரியாகச் சோதிப்பது எப்படி?

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்; தேவையில்லாமல் மாற்றப்படும் இசிஎம்களில் பல இங்கே செய்த அவசரத்தால்தான் மாற்றப்படுகின்றன.

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியையோ அதன் கேபிளையோ முதலில் சரிசெய்யுங்கள். வோல்டேஜ் சரியும்போது இசிஎம் குழம்பி, இல்லாத கோளாறுக்கெல்லாம் கோடு போடும்.

அடுத்து இசிஎம் கனெக்டர். பொதுவாக மூன்று வழியில் பவர் வரும்: எப்போதும் இருக்கும் பேட்டரி பவர், சாவி போட்டால் வரும் பவர், மெயின் ரிலே வழியாக வரும் பவர். மூன்றும் வேண்டும். இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் கரன்ட் போகாது. அதனால் பேட்டரியைக் கழற்றி, இசிஎம் கனெக்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியைத் திரும்ப மாட்டி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் சரி. மங்கலாக எரிந்தால் எங்கோ ஒயர் அரித்திருக்கிறது. இந்தப் பல்பு வேலை பவர், எர்த் பின்களுக்கு மட்டும்தான். சென்சார், இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகம்), காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பாகம்) லைன்களில் பல்பைத் தொட்டால் நல்ல இசிஎம்மையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். மெயின் ரிலேயை இசிஎம்மே இழுக்கும் வண்டிகளில், கனெக்டர் கழன்றிருக்கும்போது அந்த லைனில் பவர் இருக்காது; அது கோளாறு அல்ல.

எர்த்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கனெக்டர் மாட்டியிருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையை இசிஎம் எர்த் ஒயரிலும், கறுப்பை பேட்டரி மைனஸிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் போல்ட்டைத் தேடிப் போங்கள். மேலிருந்து பார்த்தால் அந்த வளையம் பளபளப்பாகத்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கம் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். வளையத்துக்குள் ஒயரை நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் செம்பு கறுத்து, லேசாக இழுத்தாலே நாலு இழை கையோடு வரும். உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் நசுக்கி, இறுக்கினால் "செத்துப்போன" இசிஎம் உயிரோடு எழுந்து வருவதை நிறையப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் கோடு வருகிறது. எல்லாம் ஒன்றாகக் கெடுமா?

கெடாது. பல சென்சார்களுக்கு இசிஎம் ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்ந்து கொடுக்கிறது. அதில் ஒரு சென்சாரோ ஒயரோ எர்த்தில் ஷார்ட் ஆனால் எல்லாருக்கும் வோல்டேஜ் போய்விடும். பி0641, பி0651 போன்ற கோடுகள் இந்த லைனைப் பற்றியவை. ஏதாவது ஒரு சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மீட்டரை அங்கேயே விட்டு, அந்த லைனில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் ஒயரைச் சோதியுங்கள். ஒயரும் சரியென்றால் மட்டுமே இசிஎம்மைச் சந்தேகிக்கலாம்.

ஸ்கேனர் இணையவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் இசிஎம் போனதுதானே?

முதலில் அந்த ஸ்கேனருக்கே பவர் வருகிறதா பாருங்கள். ஸ்கேனரை மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 16-ம் பின் பேட்டரி பிளஸ். 4, 5 எர்த். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் இதுவும் ஒரே ஃபியூஸில் இருக்கும். அங்கே மாட்டிய ஏதோ ஒரு சார்ஜர் ஃபியூஸை ஊதியிருக்கலாம்.

பவர் இருந்தும் பேசவில்லை என்றால் கேன் லைன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு ஒயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் நடுவே ஓம் அளவிடுங்கள். இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் கேட்வே பெட்டி (தகவலை வாங்கி மாற்றிவிடும் பெட்டி) உள்ள புதிய வண்டிகளில் இந்த அளவு பொருந்தாமல் போகலாம். அங்கே டயகிராமைப் பார்த்து நேரே இன்ஜின் பக்க லைனில் அளவிட வேண்டும்.

ஏபிஎஸ், 4 வீல் டிரைவ் பெட்டி எல்லாம் பேசுகின்றன, எல்லாவற்றிலும் யு0100 கோடு இருக்கிறது, இசிஎம் மட்டும் மௌனம் என்றால் மற்றவை அதைத் தேடிக் காணவில்லை என்று பொருள். பவர், எர்த், அதற்கு வரும் கேன் ஒயர் மூன்றும் சரியாக இருந்தும் இந்த நிலை என்றால் பெட்டிக்குள்தான் கோளாறு.

பி0606 வந்திருக்கிறது. இணையத்தில் பார்த்தால் "இசிஎம் மாற்றவும்" என்கிறார்கள்.

பி0601 முதல் பி0606 வரை உள்ளவை பெரும்பாலும் இசிஎம் தன்னைத் தானே சோதித்துப் போடும் கோடுகள்: மெமரி, ராம், ராம் அல்லாத நிரந்தர மெமரி, பிராசஸர் என்று. சொல்வது உள்கோளாறுதான். ஆனால் இதோடு பி0562 போன்ற வோல்டேஜ் குறைவு கோடும் சேர்ந்து வந்திருந்தால், பேட்டரி சரிந்த நேரத்தில் சோதனை தோற்றிருக்கலாம். கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் (கோடு விழுந்த நொடியில் இருந்த அளவுகளின் பதிவு) படம் எடுத்து வைத்துக்கொண்டு, வோல்டேஜைச் சரிசெய்து, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் புது சாஃப்ட்வேர் வெளியிட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். பவரும் எர்த்தும் கச்சிதமாக இருக்கும்போதே அழித்தவுடன் திரும்ப வந்தால் அப்போது தயங்க வேண்டாம்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது (சரியாக எரியவில்லை). அதற்கும் இசிஎம் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஒவ்வொரு காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் இசிஎம்முக்குள் அதை இயக்கும் மின்சுற்று தனித்தனியாக உண்டு; அதை டிரைவர் என்பார்கள். அதில் ஒன்று எரிந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் செத்துவிடும். 3-ம் சிலிண்டரில் மிஸ் என்றால் அதன் காயிலையும் 2-ம் சிலிண்டர் காயிலையும் மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் காயில் கெட்டது. 3-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, இசிஎம் பின்னிலிருந்து காயில் வரை ஒயரைச் சோதியுங்கள். ஒயரும் சரி, சிக்னல் மட்டும் வெளியே வரவில்லை என்றால் டிரைவர் போய்விட்டது.

குளிர்ந்திருந்தால் ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது.

முதல் சந்தேகம் இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சார். நின்ற உடனே ஸ்கேனரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் அந்த சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். ஆர்பிஎம் வருகிறது, அல்லது ஸ்கேனர் தொடர்பே அறுந்துபோகிறது என்றால் இசிஎம் பக்கம் வரலாம். ஹேர் டிரையரால் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, அறிகுறி வருகிறதா பாருங்கள். ஒயர்க் கட்டைப் பிடித்து மெல்ல அசைத்தும் பாருங்கள். உள்ளே சால்டரில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பை விட்டுவிடும்.

இசிஎம் கெடுவதற்குக் காரணம் என்ன?

ஒன்று, வெளியிலிருந்து வரும் அடி. ஷார்ட் ஆன காயில் டிரைவரை எரிக்கும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் உள்ளே புகையும். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பதும் அப்படியே. எஸ்யூவிக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு: லைட் பார், வின்ச், ஏர் கம்ப்ரசர் என்று கூடுதலாக மாட்டும்போது கைக்கு எட்டிய ஒயரில் பிளேடு வைத்துக் கீறிப் பவர் எடுப்பது. அந்தக் கீறல் வழியாக ஈரம் ஏறி, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

இன்னொன்று வயதும் தயாரிப்புக் குறையும். 2005 முதல் 2008 வரையிலான டொயோட்டா கொரோலா, மேட்ரிக்ஸ் கார்கள் சுமார் 11.3 லட்சத்தை 2010-ல் திரும்ப அழைத்தார்கள். இசிஎம்முக்குள் சால்டரிலோ, மிகை வோல்டேஜைத் தடுக்கும் பாகத்திலோ விரிசல் விடலாம் என்பதே காரணம். உங்கள் வண்டிக்கு அப்படி ஓர் அழைப்பு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணை வைத்துத் தேடிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஆழமான தண்ணீரில் வண்டியை இறக்கிவிட்டேன். இசிஎம் நனைந்திருந்தால்?

ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். இன்ஜின் அறையில் இருக்கும் பெட்டிகள் சீல் செய்யப்பட்டவைதான். ஆனால் சூடாக இருக்கும் பெட்டி குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வயதான சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். தரையடியிலோ சீட்டுக்குக் கீழேயோ வைத்திருக்கும் பெட்டிகளுக்கு அவ்வளவு பாதுகாப்பு கிடையாது. கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரம், வெண்பொடி, பச்சை எது தெரிந்தாலும் பெட்டியை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துத் திறந்து கழுவி உலர்த்தச் சொல்லுங்கள். வெயிலில் வைத்துக் காயவிட்டு மாட்டினால் அன்று ஓடும். உள்ளே அரிப்பு தொடரும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பல வண்டிகளில் தற்காலிக நினைவு அழியும், கோடும் ஃப்ரீஸ் ஃபிரேமும் போகும். அதாவது தடயம் அழியும், கோளாறு இருக்கும்.

ரிப்பேர், புதுசு, பழசு: எதை எடுப்பது?

என் கருத்தில், கோளாறு டிரைவர், சால்டர், கெப்பாசிட்டர் என்று தெளிவாக இருந்தால் உங்கள் சொந்தப் பெட்டியையே ரிப்பேர் செய்வது சிறந்தது. சாவி, சேசிஸ் எண், சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே இருக்கும், மாட்டினால் போதும். பிராசஸர் போனது, தண்ணீரில் போர்டு அரித்தது என்றால் புதுசு.

பழசு வாங்குவதில் சிக்கல் அதிகம். பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தாலும் கியர்பாக்ஸ், மாசு விதி, 2 வீல், 4 வீல் டிரைவ் என்று உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் வேறாக இருக்கலாம். போதாததற்கு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு). சாவியின் சிப், இம்மொபிலைசர், இசிஎம் மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். வேறு வண்டியிலிருந்து எடுத்த பெட்டி உங்கள் சாவியை ஏற்காது. இன்ஜின் ஒரு விநாடி பிடித்து நின்றுவிடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. பழைய பெட்டியின் தகவலைப் படிக்க முடிந்தால் அதை அப்படியே புதியதில் எழுதிவிடலாம். படிக்க முடியாத அளவுக்குச் செத்திருந்தால் தலைவலி போய்த் திருகுவலிதான்.

கழற்றி மாட்டுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருங்கள். இசிஎம் உடனே தூங்காது. பிறகு பேட்டரி மைனஸ். பாடியின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள், பின்களைக் கையால் தொடவே வேண்டாம். கனெக்டரின் நெம்புகோல் வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். அதற்கு ஒரு பூட்டு இருக்கும், அதைத் தேடுங்கள். புதுப் பெட்டியை மாட்டும் முன் கனெக்டருக்குள் வளைந்த பின், எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், பழையதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். டிரைவர் எரிந்திருந்தால் அந்தக் காயிலையோ இன்ஜெக்டரையோ அளந்துவிட்டு மாட்டுங்கள். பல பெட்ரோல் இன்ஜெக்டர்கள் 12 முதல் 16 ஓம் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டினால் அதை மாற்றாமல் சாவி போடக் கூடாது.

புரோகிராம் செய்யும்போது பாதியில் நின்றால்?

பெட்டி வேலையே செய்யாமல் செங்கல்லாகிவிடலாம். சிலவற்றை மீட்க முடியும், எல்லாவற்றையும் அல்ல. வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் சப்ளையை பேட்டரியில் மாட்டியே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். சாதாரண சார்ஜரின் கரன்ட் சீராக இருக்காது. ஏசி, லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். லேப்டாப்பும் மின் இணைப்பில் இருக்கட்டும்.

டீசல் வண்டிக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. காமன் ரயில் இன்ஜின்கள் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு திருத்தக் குறியீடு அச்சிட்டிருக்கும். புது இசிஎம்மில் அதைச் சிலிண்டர் வாரியாக எழுத வேண்டும். விட்டுவிட்டால் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நடுக்கம், புகை. டிபிஎஃப்பில் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சேர்ந்திருக்கும் சாம்பல் கணக்கையும் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் புதியதில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஃபில்டர் புதுசு என்று அது நினைத்துக்கொள்ளும். பழைய பெட்டி பேசும் நிலையில் இருந்தால் கழற்றும் முன்பே இவற்றைப் படித்துச் சேமியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் ஒயரில் கை வைக்காதீர்கள், அங்கே பேட்டரி வோல்டேஜைவிடப் பல மடங்கு இருக்கும். ரயில் பைப்பையும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மாற்றிய பிறகு ஐடில் ஏறி இறங்குகிறது. இதுவும் கெட்டதா?

பதற வேண்டாம். த்ராட்டில், ஐடில், சில வண்டிகளில் கிராங்க் சென்சார் அளவு ஆகியவற்றை ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கியர் மாற்றமும் சில நாள் முரட்டுத்தனமாக இருக்கும். புகைச் சோதனைக்கு உடனே கொண்டுபோகாதீர்கள்: சுய சோதனைகள் முடியும்வரை ஸ்கேனரில் "தயாராக இல்லை" என்றே காட்டும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டினால் அவை முடியும்.

கழற்றிய பழைய பெட்டியை என்ன செய்வது?

உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். புதியது குளிரிலும் சூட்டிலும் மழையிலும் ஓடி, கோடு எதுவும் வராமல் இருக்கும்வரை வைத்திருங்கள். புதியதில் ஏதாவது எழுத விட்டுப்போயிருந்தால் அதற்கான மூலம் இதுதான். மாற்றுப் பெட்டி வாங்கும்போது பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தால், கடைசித் தேதியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.